வெள்ளைப் போவிட்டியாவுக்கு ஒரு சிவப்பு ரிப்பன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில், கலஹாவுக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆரம்பித்த கதை இது. நான் பிறந்து வளர்ந்த தோட்டம்தான். இப்போது குடியிருப்பது பேராதனைப் பக்கம். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். என் குணத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் நின்று காத்திருக்க மாட்டேன், அடுத்த ஹோல்ட்டுக்கு நடந்துவிடுவேன். நடுவழியில் அந்த பஸ் என்னைக் கடந்து போகும். மாதத்துக்கு ஒரு தடவையாவது இது நடக்கும்.

அந்த மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஈரலில் கொழுப்பு என்று வந்திருந்தது. டாக்டர் கொடுத்த மருந்து ஒரு பக்கம் இருக்க, அக்கம்பக்கத்தில் எல்லோரும் போவிட்டியா இலையில் கஞ்சி காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். போவிட்டியாவை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. ரோட்டுக் கரையிலும் தேயிலை ஓரத்திலும் இடுப்பளவுக்குத் தானாக வளர்ந்து நிற்கிற காட்டுச் செடி. நாலு இதழில் ஊதாப் பூ, நடுவில் மஞ்சள் கேசரம். சந்தையில் இலையைக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். கடையில் வாங்குவானேன், பிறந்த மண்ணிலேயே போய்ப் பறித்துக்கொள்கிறேன் என்று ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

தோட்டத்தில் தேயிலை நிற்கிற ஒவ்வொரு துண்டையும் மலை என்றுதான் சொல்வோம். நாலாம் நம்பர் மலையின் ஓரமாக, புல்லு வெட்டாத ஓடைக் கரையில் ஐந்தாறு போவிட்டியாச் செடிகள் பூத்து நின்றன. எல்லாம் ஊதா. அவற்றுக்கு மேலே, துப்புரவான தேயிலை வரிசைக்குள்ளேயே, ஒரு செடி மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது. வேறு ஏதோ செடி என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போய் இலையைத் தடவினேன். அதே சொரசொரப்பு, அதே நீள நரம்புகள், அதே நாலு இதழ். சந்தேகமே இல்லை, போவிட்டியாதான். பூ மட்டும் சலவைத் துணி போலப் பளிச்சென்று வெள்ளை.

இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் 'மாறல்' என்று தலைப்பு எழுதி வருகிறேன். ஒரே இனத்துக்குள் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது, அந்தச் சின்ன வித்தியாசங்களில் இருந்துதான் காலப்போக்கில் புது வகைகள் உண்டாகின்றன என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உதாரணத்துக்குப் பட்டாணிச் செடியைத் தாண்டிப் போனதில்லை. அந்தப் பட்டாணிச் செடியையும் நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இப்போது நான் படிப்பித்த பாடம் பூத்துக் காற்றில் ஆடிக்கொண்டு என் முன்னால் நின்றது. போனை எடுத்து அவசர அவசரமாகப் படம் பிடித்தேன், முதல் நாலும் மங்கலாகத்தான் விழுந்தன.

எனக்குத் தெரிந்த ஒரு தாவரவியல் விரிவுரையாளர் இருக்கிறார், அக்குறணைக்காரர். படத்தை அவருக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும் வரை பொறுக்காமல் நானே போன் எடுத்தேன்.

"மாஸ்டர், ஒரு வெள்ளப் பூவக் கண்ட ஒடனே புது வகை எண்டு செல்ல ஏலாது," என்றார் அவர். "காய் முத்தட்டும். கொட்டயப் போட்டு மொளக்க வச்சுப் பாக்கணும், அதுட புள்ளயளும் வெள்ளயாத்தான் பூக்குதா எண்டு. வாற சனிக்கிழம நானே வாரன். அது வரைக்கும் செடியில கை வைக்க வாணாம்."

சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. ஆனால் என் மனது அங்கே நிற்கவில்லை. புது வகையாக இருந்தால் அதற்கு ஒரு லத்தீன் பெயர் வைப்பார்கள், கண்டுபிடித்தவன் பெயரையும் அதில் சேர்ப்பார்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பெயரை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் பார்த்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய, உண்மை அதுதான்.

செடியை விட்டுப் போகவும் மனம் வரவில்லை. ஆடு மேய்ந்துவிடுமோ, மருந்துக்கு இலை பறிக்கிறவர்கள் முறித்துவிடுவார்களோ, சனிக்கிழமை பூ உதிர்ந்திருந்தால் எனக்கே அடையாளம் தெரியாமல் போகுமோ என்று ஒரே குழப்பம். பையைத் துழாவினேன். பாடசாலை விளையாட்டுப் போட்டி முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நான் சிவப்பு இல்லத்துக்குப் பொறுப்பாசிரியர். மிச்சமான ரிப்பன் பையிலேயே கிடந்தது. அதில் ஒரு முழம் வெட்டி, செடியின் அடித்தண்டில் மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டேன். கீழே ரோட்டில் இருந்து பார்த்தாலே சிவப்பாகத் தெரிந்தது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு இறங்கினேன். கஞ்சிக்கு இலை பறிக்க மறந்துபோனது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அந்த வாரம் நான் பட்ட பாட்டை வீட்டில் கேட்டால் தெரியும். வகுப்பில் கதிரையில் உட்கார முடியவில்லை. சோக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். வானம் இருண்டால் அங்கே மழையோ என்று பயம், வெயில் அடித்தால் செடி வாடுமோ என்று பயம். சாப்பிடும்போதும் போனில் அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொறுத்தார் பூமி ஆள்வார்னு எழுதிப் போடுறது பிள்ளைங்களுக்கு மட்டுந்தானா?" என்று கேட்டாள் என் மனைவி. அவள் மாத்தளைப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவள். நாக்கு கொஞ்சம் கூர்மை.

வியாழக்கிழமைக்கு மேல் என்னால் முடியவில்லை. பாடசாலை விட்டதும் நேராகக் கலஹா பஸ்ஸில் ஏறினேன். ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் மனது ஆறிவிடும் என்று நினைத்தேன். நாலாம் நம்பர் மலைக்கு ஏறும்போதே கீழ் வரிசையெல்லாம் புல் இல்லாமல் துப்புரவாக இருந்ததைக் கண்டேன். அரைகுறை ஓட்டமாக மேலே போனேன்.

செடி நின்ற இடத்தில் ஒரு குழிதான் இருந்தது. அலவாங்கு போட்டு வேரோடு கிளப்பியிருந்தார்கள். பக்கத்தில் வாடிய புதர்களைக் குவித்து வைத்திருந்தார்கள். அந்தக் குவியலின் மேலேயே என் சிவப்பு ரிப்பன் தெரிந்தது. இதழ்கள் சுருண்டு பழுப்பு நிறமாகியிருந்தன.

கொஞ்சம் தள்ளி புல்லு வெட்டுகிற பெண்கள் எட்டுப் பேர், வேலை முடிந்து, சுரண்டிகளில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களை மேற்பார்க்கிற கங்காணியும் நின்றார். நான் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

"யாரு இந்தச் செடியப் புடுங்கினது?"

முப்பத்தைந்து வயது இருக்கும், தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் முன்னால் வந்தாள். "நான்தான் சேர்," என்றாள்.

அதன் பிறகு நான் பேசியதை அப்படியே எழுத எனக்குத் தைரியம் இல்லை. கண் இல்லையா என்று கேட்டேன். ஊதாவுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாதா என்று கேட்டேன். உலகத்திலேயே இல்லாத ஒன்றை அழித்துவிட்டாய், உங்களுக்கெல்லாம் எதன் அருமை தெரியும் என்று கத்தினேன். அந்த 'உங்களுக்கெல்லாம்' என் வாயில் இருந்துதான் வந்தது. அந்தத் தோட்டத்து லயக் குடியிருப்பிலேயே பிறந்து, அந்தப் பெண்களின் கையால் சோறு தின்று வளர்ந்த வாய் அது. கடைசியாக ரிப்பனைத் தூக்கிக் காட்டி, "இவ்வளவு பெரிசா அடையாளம் கட்டி வச்சிருந்தேனே, இதுகூடவா கண்ணுல படல்ல?" என்றேன்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கங்காணி ரிப்பனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

"தெரியாம செஞ்சிட்டேன் சேர். மன்னிச்சுக்கிருங்க," என்றாள் அந்தப் பெண்.

"விடுங்க சேர், மனசுல வச்சுக்காதீங்க," என்றார் கங்காணி.

நான் திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் நடந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என்ன துணி கட்டுனீங்க?"

"சிவப்பு ரிப்பன்."

"சிவப்பா?" அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க தோட்டத்துல பொறந்த ஆள்தானா?"

எனக்குக் காதெல்லாம் சூடாகியது. புல்லு வெட்டுக்கு முதல் நாள் கங்காணி மலையைச் சுற்றி வருவார். சுரண்டிக்கு அடங்காத புதர்களாகப் பார்த்துச் சிவப்புத் துணி கட்டுவார். துணி கட்டியதை அடுத்த நாள் வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். என் அப்பா அந்தத் தோட்டத்தில் இருபது வருடம் அந்தத் துணியைக் கட்டியவர். எங்கள் வீட்டுப் பழைய சிவப்புச் சேலைகளெல்லாம் அப்படித்தான் கிழிந்து தீர்ந்தன. அதற்காக அம்மா போட்ட சண்டைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிடுங்கு என்று என் கையாலேயே எழுதி ஒட்டிவிட்டு, பிடுங்கியவளை நான் திட்டியிருக்கிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

அதைவிட ஒன்று என்னை உறுத்தியது. அங்கே நின்ற ஒன்பது பேருக்கும் அது தெரிந்திருக்கிறது. நான் ரிப்பனைத் தூக்கிக் காட்டிய அந்த விநாடியே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஒருவராவது, "சேர், நீங்கதானே சிவப்பு கட்டுனீங்க" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விரிவுரையாளரிடம் போனில் உண்மையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு, "குப்பயக் கிண்டிப் பாருங்க மாஸ்டர், முத்தின காய் ரெண்டு கிடச்சாலும் போதும்," என்றார்.

சனிக்கிழமை மறுபடி கலஹா பஸ். விதைக்காகப் போனாயா, மன்னிப்புக் கேட்கப் போனாயா என்று யாராவது கேட்டால், பஸ்ஸில் ஏறும்போது விதைக்காகத்தான். நேராக மலைக்குத்தான் போனேன். குவியல் இருந்தது, நான் தேடிய செடி அதில் இல்லை. கையால் கிளறிப் பார்த்தேன், குழிக்குள் பார்த்தேன், ஓடைப் பக்கம் இறங்கிப் பார்த்தேன். கால் நிறைய அட்டை ஏறியதுதான் மிச்சம். அதன் பிறகுதான் லயத்துக்கு இறங்கி, கங்காணியிடம் அந்தப் பெண்ணின் வீட்டைக் கேட்டேன். அவர் கையை நீட்டிக் காட்டினாரே தவிர ஒன்றும் கேட்கவில்லை.

அவள் மலை ஊற்றில் இருந்து வருகிற பீலித் தண்ணீரில் துணி கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறி எழுந்து, கையைச் சேலையில் துடைத்தாள். மறுபடி திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அந்தப் பதற்றத்தைப் பார்த்தபோது, பஸ்ஸில் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது.

"தங்கச்சி, பிழை என்னுடையது. சிவப்பு கட்டினது நான்," என்றேன்.

"தெரியும் சேர்," என்றாள். "ஞாயித்துக்கெழம வெறகுக்குப் போனப்ப நீங்க கட்டுறதப் பாத்தேன்."

எனக்கு விளங்கவில்லை. பார்த்துமா பிடுங்கினாள்?

அவள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "அஞ்சாறு புல்லு வெட்டு ரவுண்டா அத விட்டுட்டு சுத்தித்தான் சொரண்டுவேன் சேர். பூ வெள்ளையா அழகா இருந்துச்சு. கங்காணி கேட்டா மறந்துட்டேன்னு சொல்லிருவேன். நீங்க கட்டுனதப் பாத்ததும், படிச்சவங்க கட்டுறாங்க, இது ஏதோ கூடாத செடி போலன்னு நெனச்சேன். மனசே இல்லாமத்தான் புடுங்கினேன்."

நான் பக்கத்தில் இருந்த துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் செடி எப்படி ஒரு துப்புரவான மலையில் தப்பி நின்றது என்று ஒரு தடவையாவது நான் யோசித்ததுண்டா? புல்லு வெட்டுக்குப் புல்லு வெட்டு ஒருத்தி அதைச் சுற்றிச் சுரண்டிக்கொண்டு போயிருக்கிறாள். அதனால்தான் அது என் கண்ணில் பட்டது. நான் கண்டுபிடித்தேன் என்று லத்தீனில் பெயர் எழுதிப் பார்த்தது, அவள் முன்பே கண்டு, பார்த்து, காப்பாற்றி வைத்திருந்த செடிக்கு.

"அன்னைக்கே ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"நாலு பேருக்கு முன்னாடி ஒங்கள எப்புடி சேர் சொல்றது?" என்றாள். பிறகு கொஞ்சம் மெதுவாக, "மகளும் ஒங்க ஸ்கூல்லதான் ஒம்பதாம் வகுப்பு படிக்குது," என்றாள்.

முதலில் சொன்னது இரக்கம். இரண்டாவது சொன்னது பயம். எது எவ்வளவு என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. அதை நினைக்கிறபோதெல்லாம் எழுந்து நடக்க வேண்டும் போல இருக்கிறது.

அவள் உள்ளே போய் ஒரு பழைய கொப்பித் தாள் பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். நான் கத்திவிட்டுப் போன பிறகு, குவியலில் இருந்து செடியை எடுத்துவந்து பீலிக்குப் பின்னால் நட்டுப் பார்த்திருக்கிறாள். அது பிழைக்கவில்லை. அடிக்கிளையில் இருந்த ஏழெட்டுக் காய்ந்த காய்களை மட்டும் கிள்ளி வைத்திருந்தாள். சின்னச் சின்னச் செம்பு போல இருந்தன. ஒன்றைத் தட்டியதும் மிளகாய்த்தூளைவிடப் பொடியாக விதை கொட்டியது. இவ்வளவு திட்டு வாங்கிய பிறகும் ஏன் எடுத்து வைத்தாய் என்று கேட்க நினைத்துக்கொண்டே பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஊர் பாக்கத் திட்டிட்டு, மன்னிப்பு மட்டும் பீலிக்குப் பின்னாலயா?"

திங்கட்கிழமை பாடசாலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, விடிந்தும் விடியாததுமாகப் பிரட்டுக்களத்துக்குப் போய் நின்றேன். காலையில் எல்லோரையும் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம் அது. ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். இருபத்திரண்டு வருடம் கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசிப் பழகிய எனக்கு அன்றைக்கு மூன்றே வாக்கியம்தான் வந்தது. "சிவப்புத் துணி கட்டினது நான்தான். அவங்க மேல ஒரு பிழையும் இல்ல. நான் பேசினது பெரிய பிழை," என்று மட்டும் சொன்னேன். யாரோ ஒருத்தி பின்வரிசையில் இருந்து, "அடுத்த தடவ பச்சத் துணி கட்டுங்க சேர்!" என்று குரல் கொடுத்தாள். களமே சிரித்தது. அந்தப் பெண் முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விதைகளைத் தயிர்ச்சட்டிகளில் தூவினேன். முளைத்து வருவதற்குள் நான் பட்ட அவசரத்தைச் சொன்னால் இன்னொரு கதையாகிவிடும். பாதி நாற்றை நானே தண்ணீர் ஊற்றி அழுகவைத்தேன். பதினொன்று தப்பின. இரண்டு வருடம் கழித்து அவை ஒவ்வொன்றாகப் பூத்தன. பெரும்பாலும் ஊதா. மூன்று செடியில் வெளிறிய ரோஜா நிறம். ஒன்றில் இதழ் ஓரத்தில் மட்டும் ஊதாக் கரை. கடைசியாக, நான் கைவிட்டிருந்த ஒரு நோஞ்சான் செடியில் வெள்ளை.

விரிவுரையாளர் வந்து ஒவ்வொரு சட்டியாகக் குனிந்து பார்த்தார். "இத வச்சுப் புது வகை எண்டு செல்ல ஏலாது மாஸ்டர். ஒரு இனத்துக்குள்ள வாற சாதாரண மாறல்தான்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு உம்மாட புள்ளயளே ஒண்டப் போல ஒண்டு ஈக்கிறல்லயே," என்று சேர்த்துக்கொண்டார். லத்தீன் பெயர் அன்றோடு போயிற்று. இரண்டு வருடத்துக்கு முன்பு என்றால் அன்று இரவு எனக்குச் சோறு இறங்கியிருக்காது. அன்றைக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

வெள்ளைச் செடியை நான் வைத்துக்கொள்ளவில்லை. சட்டியோடு தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் அவளிடம் கொடுத்தேன். எங்கே நடலாம் என்று அவள்தான் சொன்னாள், நான் குழி மட்டும் தோண்டினேன். அதே மலை, பழைய இடத்துக்கு நாலடி தள்ளி. "அடையாளம் ஏதாச்சும் கட்டணுமா சேர்?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

இப்போதும் மாதம் ஒரு ஞாயிறு அங்கே போகிறேன். என் அவசரக் குணம் மாறிவிடவில்லை, பஸ்ஸுக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் சுற்றிலும் புல் சுரண்டியிருக்க, நடுவில் துணி எதுவும் கட்டாமல் அந்தச் செடி நிற்பதைப் பார்க்கும்போது, நான் கத்திக்கொண்டு நின்ற அந்த வியாழக்கிழமையும் எதிரே தன் மேல் பிழையைப் போட்டுக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணும் ஞாபகம் வருகிறார்கள். யார் மீதாவது கோபம் வந்து வாயைத் திறக்கப் போகும்போது, அந்தச் சிவப்பை நானே கட்டியிருப்பேனோ என்று ஒரு கணம் நின்று யோசிக்கிறேன்.